கடல் கடந்து வந்த கடிகாரம்
(வீட்டு மின்சாதனங்களின் பின்னால் இருக்கும் 140 ஆண்டுக் கதை)

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் பெட்டியைத் திறக்கும்போது வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வது நம் வீடுகளில் பழைய வழக்கம். நியூ ஜெர்சிக்கு வேலைக்குப் போன என் அண்ணன் 1986 டிசம்பரில் முதல் விடுமுறைக்குப் பம்பாய் வந்தபோது எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் அப்படித்தான் உட்கார்ந்தோம். சோப்பு, சென்ட், சாக்லேட் எல்லாம் வெளியே வந்த பிறகு, கடைசியில் துணிக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு கடிகார ரேடியோ வந்தது. சிவப்பு வெளிச்சத்தில் எண்கள் தெரியும். முள் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் லைனில் அது ஓர் அதிசயம்.

'110 வோல்ட்' என்று பின்னால் எழுதியிருந்தது. அதை அப்படியே சுவரில் செருகக்கூடாது என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். லாமிங்டன் ரோட்டில் ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்து மாட்டினார். கடைக்காரர், "இனிமேல் ஒன்றும் ஆகாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். ரேடியோ நன்றாகப் பாடியது. ஆனால் கடிகாரம் மட்டும் காலையில் 6 மணிக்குச் சரியாக வைத்தால், மாலை 6 மணிக்கு 4 என்று காட்டியது. மணிக்குப் பத்து நிமிடம் மெதுவாக ஓடியது.

"ஏல, இது உங்க அண்ணன் ஊருக்கே திரும்பிப் போகப் பாக்குதுல" என்றார் அப்பா.

இதை நாங்கள் வெகு நாள் வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் ஊர்விட்டு ஊர் வந்த நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. நாம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டும்போது, அது பிறந்த நாட்டில் நூறு வருஷத்துக்கு முன் யாரோ சில பொறியாளர்கள் செய்த முடிவையும் சேர்த்தே தூக்கி வருகிறோம். அந்த முடிவுகள் என்ன, ஏன் அப்படி ஆயின என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடிசனின் 110, பெர்லினின் 220

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் வேலையைத் தொடங்கியது. அது டி.சி. என்று நாம் சொல்லும் நேர்த்திசை மின்சாரம். அன்றைய பல்புக்குள் இருந்தது கரியால் ஆன இழை. அந்த இழை சுமார் 100 வோல்ட்டில் நன்றாக எரிந்தது. கம்பியில் வரும் வழியில் கொஞ்சம் குறையுமே என்று கூட்டி 110 என்று வைத்தார்கள். பிறகு ஏ.சி. எனப்படும் மாறுதிசை மின்சாரம் வந்து எடிசனின் முறையை வென்றுவிட்டது. ஆனாலும் வீடுகளில் ஏற்கனவே இருந்த பல்புகளுக்காக அந்த 110 மட்டும் அப்படியே தங்கிவிட்டது. பின்னாளில் அது 120 ஆனது.

ஐரோப்பாவும் முதலில் 110-ல்தான் ஆரம்பித்தது. 1899-ல் பெர்லின் நகர மின்நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால், அதே அளவு மின்சாரத்துக்குக் கம்பியில் பாதி ஓட்டம் போதும். கம்பியில் வீணாகும் சக்தி நாலில் ஒரு பங்காகிவிடும். செம்பு விலை அதிகம். அதனால் 220-க்கு மாறுவது என்று முடிவு செய்தார்கள். வாடிக்கையாளர்களிடம் இருந்த பல்பு, மோட்டார்களை மாற்றும் செலவை நிறுவனமே ஏற்றுக்கொண்டது. செம்பில் மிச்சமான பணம் அதற்குப் போதுமானதாக இருந்தது. மற்ற ஐரோப்பிய நகரங்களும் படிப்படியாக அந்த வழிக்கு வந்தன. அமெரிக்காவில் அதற்குள் ஏராளமான வீடுகளில் 110 வேரூன்றிவிட்டது. முந்திக்கொண்டவன் பழைய பாயிலேயே படுக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக்கு மின்சாரம் பெரும்பாலும் பிரிட்டிஷார் வழியாக வந்ததால் நமக்கு 230 வாய்த்தது. அமெரிக்கச் சாமானை நம் சுவரில் நேராகச் செருகினால் என்ன ஆகும்? டோஸ்டர், இஸ்திரிப்பெட்டி போன்ற சூடேற்றும் சாதனங்களில் அழுத்தம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். எங்கள் லைனிலேயே ஒரு வீட்டில் அமெரிக்க டோஸ்டர் ஒரே ஒரு தடவைதான் ரொட்டி சுட்டது. அந்த ரொட்டியையும் யாரும் சாப்பிட முடியவில்லை.

அறுபதும் ஐம்பதும்

வோல்ட் பிரச்சினைக்கு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. ஆனால் மாறுதிசை மின்சாரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது ஒரு வினாடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது என்ற கணக்கு. அலைவெண் என்று புத்தகத்திலும், 'சைக்கிள்' என்று மெக்கானிக் கடையிலும் சொல்வார்கள். அமெரிக்காவில் 60, நம்மிடம் 50. டிரான்ஸ்பார்மரால் இதை மாற்ற முடியாது.

ஆரம்பத்தில் ஒழுங்கே கிடையாது. அலைவெண் மிகக் குறைந்தால் விளக்கு கண்ணுக்குத் தெரியும்படி துடிக்கும். மிக அதிகமானால் அன்றைய மோட்டார்களுக்கு ஒத்துவராது. ஆளுக்கொரு நடுவழி தேடினார்கள். அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 60 என்றது. ஜெர்மனியில் ஏ.ஈ.ஜி. நிறுவனம் 50 என்றது. 1895-ல் நயாகரா நீர்வீழ்ச்சியில் வைத்த இயந்திரங்களோ 25. முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் லண்டன் நகரத்துக்குள் மட்டுமே பத்து வகை அலைவெண்கள் இருந்தன. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு வீடு மாறினாலே சாமான் வேலை செய்யாத நிலை! 1926-ல் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்நாட்டில் 50 என்று ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. அதில் தமிழர்களுக்குப் பங்கும் உண்டு. 1902-ல் மைசூர் சமஸ்தானத்தின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். பெங்களூருக்குத் தெருவிளக்கு வந்ததே அதற்குப் பிறகு, 1905-ல்தான். வடஆற்காடு பக்கமிருந்து போன ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கிய அந்தச் சுரங்கங்களின் இயந்திரங்கள் ஓடியது 25 சைக்கிள் மின்சாரத்தில். அமெரிக்க நிறுவனத்திடம் வாங்கிய மின்னாக்கிகள் அவை. யாரிடம் இயந்திரம் வாங்கினோமோ அவர் பழக்கமே நம் பழக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜப்பான் கதை இன்னும் விசித்திரம். 1890-களில் டோக்கியோ ஜெர்மானிய இயந்திரம் வாங்கியது. ஒசாகா அமெரிக்க இயந்திரம் வாங்கியது. அதனால் இன்றைக்கும் கிழக்கு ஜப்பானில் 50, மேற்கு ஜப்பானில் 60. ஒரே நாட்டுக்குள் வீடு மாறுகிறவர்களே ஒரு காலத்தில் சாமானைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கி டோக்கியோ பக்கம் மின்சாரம் பற்றாக்குறை ஆனபோது, மேற்கிலிருந்து அனுப்ப முடிந்தது சுமார் 10 லட்சம் கிலோவாட் மட்டுமே. அதற்கு மேல் மாற்றித் தரும் நிலையங்கள் இல்லை. 115 வருஷத்துக்கு முன் இரண்டு நகரங்கள் தனித்தனியாகச் சாமான் வாங்கியதன் விலையை ஒரு தேசம் அன்று கொடுத்தது.

இனி எங்கள் வீட்டுக் கடிகாரத்துக்கு வருவோம். ஹென்றி வாரன் என்ற அமெரிக்கர் 1916-ல் மின்சாரத்தின் துடிப்பையே எண்ணி ஓடும் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். மின்நிலையம் அலைவெண்ணை ஒழுங்காக வைத்திருந்தால் போதும், ஊரிலுள்ள எல்லாக் கடிகாரமும் ஒரே மாதிரி ஓடும். அதே வழியில்தான் 1980-களின் கடிகார ரேடியோக்களும் ஓடின. அறுபது துடிப்பு எண்ணினால் ஒரு வினாடி என்பது அதற்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம். பம்பாயில் வினாடிக்கு ஐம்பதுதான் வருகிறது. பாவம், அது அறுபது எண்ணி முடிக்கும்போது நமக்கு ஒரு வினாடிக்கு மேல் ஆகிவிடுகிறது. 60 நிமிடத்தில் 50 நிமிடம்தான் அது நகரும். கிராமபோன் தட்டுச் சுழற்றிகளில் பலவும் இப்படித்தான். அமெரிக்காவிலிருந்து வந்த தட்டுச் சுழற்றியில் பாட்டுப் போட்டால், பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருக்கும்.

சுவரில் இருக்கும் மூன்று துளை

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சாமான் கொண்டுவந்தவர்களுக்கு வோல்ட் தொல்லையும் இல்லை, சைக்கிள் தொல்லையும் இல்லை. அவர்களுக்கு இருந்தது பிளக் தொல்லை. அங்கே தட்டையான மூன்று கால். இங்கே உருண்டையான மூன்று கால். இரண்டுமே பிரிட்டனில் பிறந்தவைதான். உருண்டைக் கால் பிளக்கிற்கு அங்கே 1934-ல் தரம் வகுத்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து லட்சக்கணக்கில் புது வீடு கட்டவேண்டி வந்தபோது, செம்பு மிச்சமாகும் புது இணைப்பு முறையையும், உள்ளேயே ஃபியூஸ் வைத்த தட்டைக்கால் பிளக்கையும் 1947-ல் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு நாம் சுதந்திரம் அடைந்தோம். பிரிட்டன் கைவிட்ட உருண்டைக் காலை நாம் விடாமல் வைத்துக்கொண்டோம். சிங்கப்பூரும் மலேசியாவும் பல வளைகுடா நாடுகளும் தட்டைக்காலுக்குப் போயின.

இங்கே நம்மவர்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். சாமான் வந்தவுடன் தட்டைக்கால் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு உருண்டைக்கால் பிளக்கை மாட்டிவிடுவார்கள். அதோடு உள்ளேயிருந்த ஃபியூஸும் குப்பைக்குப் போய்விடும். அந்தச் சாமானின் ஒயரைக் காப்பதற்காகத்தான் அது அங்கே இருந்தது. பிளக்கை வெட்டாமல், நல்ல அடாப்டர் வைப்பதே மேல்.

சவூதி அரேபியாவில் இருந்தவர்களுக்கு வேறு அனுபவம். அங்கே வீடுகளில் 127 வோல்ட், 60 சைக்கிள். அங்கிருந்து வந்த பெட்டிகளையும் டிரான்ஸ்பார்மரோடுதான் வைக்கவேண்டியிருந்தது. 2010-ல் அந்த நாடு 230 வோல்ட்டுக்குப் படிப்படியாக மாறுவது என்று முடிவெடுத்தது. அதற்கு 25 ஆண்டுகள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், ஓர் எண்ணை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பது விளங்கும்.

கல்யாண கேசட்

தொலைக்காட்சி வந்த காலத்தில் அதன் படம் வினாடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. வீட்டு மின்சாரத்தின் துடிப்போடு ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டை பட்டையாக நிழல் நகரும். அதனால் அமெரிக்கா 60-ஐ ஒட்டியும், ஐரோப்பா 50-ஐ ஒட்டியும் தங்கள் முறைகளை அமைத்தன. அமெரிக்காவில் 525 கோடு. ஐரோப்பாவில் 625 கோடு. வண்ணம் வந்தபோது அமெரிக்கா 1953-ல் என்.டி.எஸ்.சி. முறையை ஏற்றது. ஜெர்மனியில் வால்டர் புருக் என்பவர் உருவாக்கிய பால் முறை 1967-ல் ஒளிபரப்புக்கு வந்தது. 1982 ஆகஸ்ட் 15 அன்று நம் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்டது இந்தப் பால் முறையைத்தான்.

பால் முறைக்குள்ளும் பிரிவு உண்டு. ஹாங்காங்கிலிருந்து அந்த ஊருக்கென்றே செய்த டி.வி.யைக் கொண்டுவந்தவர்களுக்கு இங்கே படம் தெரியும், பேச்சு வராது. ஒலிக்கு அவர்கள் வைத்திருந்த இடைவெளி 6 மெகாஹெர்ட்ஸ், நம்முடையது 5.5. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஊமைப்படம் பார்த்த அனுபவமும் எங்களுக்கு உண்டு.

ஆனால் மனசைத் தொட்டது இன்னொரு கஷ்டம். 1989-ல் என் தங்கை கல்யாணத்துக்கு அண்ணனால் வரமுடியவில்லை. வீடியோ எடுத்து, கேசட்டைப் பத்திரமாகக் கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினோம். அங்கே போட்டுப் பார்த்தால் திரையில் படம் உருண்டுகொண்டே இருந்ததாம். அவருக்குத் தாலி கட்டும் சத்தம் கேட்டது, நாதஸ்வரம் கேட்டது, யார் முகமும் தெரியவில்லை. பிறகு ஒரு கடையில் பணம் கட்டி முறை மாற்றிப் பார்க்க அவருக்கு இரண்டு மாதமானது. வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருந்த எத்தனையோ வீடுகளில் இது நடந்தது. 1890-களில் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் ஒரு ஜெர்மன் கம்பெனியும் தனித்தனியே செய்த முடிவு, நூறு வருஷம் கழித்து ஓர் அண்ணன் தங்கையின் கல்யாணத்தைப் பார்ப்பதற்குக் குறுக்கே நின்றது.

பின்னால் டி.வி.டி. வந்தபோது உலகத்தை மண்டலங்களாகப் பிரித்தார்களே, அது வேறு ரகம். அமெரிக்கா ஒன்றாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். அதற்குப் பின்னால் மின்சாரக் காரணம் எதுவும் கிடையாது. படவியாபாரிகளின் வசதிதான் காரணம். முந்தையது தற்செயல், இது வேண்டுமென்றே கட்டிய வேலி.

இங்கிருந்து போன மிக்ஸி

இதுவரை வந்த சாமானைப் பற்றிப் பேசினோம். போன சாமானைப் பற்றியும் சொல்லவேண்டும். 1960-களில் இந்த மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்ஸி இருந்தது. நம் ஊர் அரைப்புக்கு அது தாங்கவில்லை. பழுதானபோது பழுது பார்க்கவும் வழியில்லை. அவர் மனைவி, "நீங்களே ஒன்று செய்து தாருங்கள்" என்று கேட்டதன் விளைவாகப் பிறந்ததுதான் சுமீத் மிக்ஸி. வெளிநாட்டுச் சாமான் இங்கே ஒத்துவராமல் போனதால் நமக்குக் கிடைத்த வரம் என்று அதைச் சொல்லலாம்.

அந்த மிக்ஸியையும், கோயம்புத்தூரில் 1950-களில் உருவான வெட் கிரைண்டரையும் தூக்கிக்கொண்டு நம் பெண்கள் அமெரிக்கா போனபோது அதே சரித்திரம் தலைகீழாக நடந்தது. 230 வோல்ட் மிக்ஸி அங்கே 120-ல் முனகியது. அழுத்தத்தைக் கூட்டும் டிரான்ஸ்பார்மர் வைத்தால் மிக்ஸி சரியாக ஓடும். அதன் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கவலைப்படாத வகை. கிரைண்டரின் மோட்டார் அப்படியல்ல. சைக்கிளுக்கு ஏற்பத்தான் அது சுற்றும். அங்கே 60 என்பதால் கல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழலும், மாவு சீக்கிரம் சூடேறும். இன்று 110 வோல்ட்டுக்கென்றே செய்த மிக்ஸியும் கிரைண்டரும் நம் ஊரிலிருந்தே அங்கே விற்பனைக்குப் போகின்றன. புதிதாகப் போகிறவர்கள் அதை வாங்கிப் போவதே நல்லது. பழையதைத்தான் கொண்டுபோவேன் என்றால், மிக்ஸியில் எழுதியிருக்கும் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

இன்று

உங்கள் செல்போன் சார்ஜரை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று பொடி எழுத்தில் இருக்கும். வருகிற மின்சாரம் எதுவானாலும் அதை முதலில் நேர்த்திசையாக்கி, பிறகு தனக்கு வேண்டிய மாதிரி வெட்டிச் சமைத்துக்கொள்ளும் சுற்று அதற்குள் இருக்கிறது. எடிசனுக்கும் பெர்லினுக்கும் நடந்த வழக்கை அந்தச் சின்னப் பெட்டி பேசித் தீர்த்துவிட்டது. டி.வி., கம்ப்யூட்டர் பெரும்பாலானவற்றுக்கும் இன்று இதே நிலைதான். ஆனால் சூடேற்றுவதும் சுற்றுவதும் இன்னும் பழைய சட்டத்துக்கே கட்டுப்பட்டவை. முடி உலர்த்தி, இஸ்திரிப்பெட்டி, குக்கர், கிரைண்டர் எதுவானாலும் பெட்டியில் வைக்குமுன் பின்பக்கத்து எழுத்தைப் படித்துவிடுங்கள்.

கடைசியாக அந்தக் கடிகாரம். அப்பா சிக்னல் பிரிவுக்காரர் அல்லவா, நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டார். அந்தக் கடிகாரம் நாளுக்கு நாலு மணி நேரம் பின்தங்குகிறது. குளிர்காலத்தில் நியூ ஜெர்சி நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். ஆக, முதல் நாள் காலை 6 மணிக்குச் சரியாக வைத்தால், மூன்றாம் நாள் இரவு 9 மணிக்கு அது காலை 10.30 என்று காட்டும். அப்போது அண்ணன் ஊரிலும் காலை 10.30தான். "அந்த ஒரு நிமிஷம் மட்டும் ரெண்டு ஊருக்கும் இது சரியான கடியாரம்" என்பார்.

சில வருஷம் கழித்து வந்த ரேடியோ மெக்கானிக், உள்ளேயிருந்த சில்லைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 50, 60 இரண்டுக்கும் அதிலேயே வழி இருக்கிறதாம். ஒரு கம்பியை இடம் மாற்றிப் பற்றவைத்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுமாம். அப்பா சரி என்று சொல்ல வாயெடுத்தார். அடுப்படியிலிருந்து அம்மா வந்து, "நேரம் பாக்க சுவத்துல வேற கடியாரம் இருக்கு. அதை அப்படியே விட்டுருங்க" என்றாள்.

அப்பா அன்று இரவும் நோட்டைப் பார்த்து, மறுநாள் காலை 6 மணிக்கு அதைத் திருப்பி வைத்தார்.